விளம்பரம் படித்து முடிக்கும் வரை

குடியாத்தத்தில் லுங்கிக் கடை வைத்திருக்கும் நண்பன் கேட்டான்: "போன்ல பேஸ்புக் விளம்பரம் போடறியே, வேலை செய்யுதா, சும்மா காசு தின்னுதா?" இரண்டும்தான். நேரில் சொன்னால் திட்டித் தீர்த்துவிடுவேன் என்பதால் எழுதுகிறேன்.

எனக்குக் கடை வேலூரில், சரக்கு ஆம்பூர் தோல் செருப்பு. விளம்பரம் போடத் தெரியாதவர் இன்று யாருமில்லை, அதை விட்டுவிடுவோம். என் எரிச்சலெல்லாம் விளம்பரத்தின் பெயருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் 'லேர்னிங்' என்ற சொல் மேல்தான். யாருக்குக் காட்டினால் பலன் என்று அது பழகிக்கொள்கிறதாம். அதற்கு ஒவ்வொரு ஆட் செட்டுக்கும், அதாவது ஒரே ஆட்களுக்குக் காட்டும் விளம்பரத் தொகுப்புக்கும், வாரத்தில் சுமார் 50 பலன் (விசாரிப்போ விற்பனையோ, நாம் எதைக் கேட்டோமோ அது) கிடைக்க வேண்டும் என்கிறது பேஸ்புக்கின் உதவிப் பக்கம். ஒரு விசாரிப்பு 40 ரூபாய்க்கு வருகிறது என்று வைத்துக்கொண்டால் 50க்கு 2,000 ரூபாய், மேலே 18 சதவீதம் ஜிஎஸ்டி, ஆக 2,360. காட்பாடிக்கு ஒன்று, ராணிப்பேட்டைக்கு ஒன்று என்று பிரித்தால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக அழ வேண்டும். சின்னக் கடைக்கு எல்லாவற்றையும் ஒரே ஆட் செட்டில் போடுவதுதான் கட்டுப்படியாகும்.

சரி, பொறுமையாக இருக்கலாம். இருக்க விட்டால்தானே? படத்தை மாற்றினாலோ, ஊரை மாற்றினாலோ, பட்ஜெட்டை ஒரேயடியாக ஏற்றினாலோ படிப்பு மறுபடி முதலிலிருந்து, அதனால் கை வைக்காதே என்பார்கள். அதே திரையில் "பட்ஜெட்டை ஏற்றுங்கள்", "இன்னும் நிறையப் பேருக்குக் காட்டுங்கள்" என்று யோசனைகள் வந்து நிற்கும். பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுகிற வேலை.

இருந்தாலும் ஒரு விஷயத்தில் அதைப் பாராட்டத்தான் வேண்டும். என் கணக்கில் வாடிக்கையாளர் என்றால் சத்துவாச்சாரி, காட்பாடி ஆட்கள். அது போய்ப் பிடித்தது, சிஎம்சிக்கு வைத்தியத்துக்கு வந்து வாரக்கணக்கில் லாட்ஜில் தங்கும் வங்காளிகளை. ஒரு நாள் காலை வங்காள மொழியில் மெசேஜ். போனிலேயே மொழிபெயர்த்துப் பார்த்தால், அம்மாவுக்குக் கால் வீக்கம், அகலமான மெத்துச் செருப்பு இருக்கிறதா என்று கேட்டிருந்தார். மாலையில் மகன் வந்தார். அம்மாவின் பாதத்தை லேப் கவரின் பின்பக்கத்தில் பேனாவால் சுற்றி வரைந்து எடுத்து வந்திருந்தார். அதன் மேல் வைத்துப் பார்த்து, வாரைத் தளர்த்திக்கொள்ளும்படி வெல்க்ரோ போட்ட ஒரு ஜோடி கொடுத்தேன். அப்புறம் அதே லாட்ஜிலிருந்து இன்னும் சிலர் வந்தார்கள். எந்த நோட்டீஸும் எனக்கு இதைச் செய்து கொடுத்திருக்காது.

ஆனால் 'லேர்னிங்' மறைந்தால் வியாபாரம் ஏறும் என்று அர்த்தமில்லை. மெசேஜ் வேண்டும் என்று கேட்டால் மெசேஜ் போடுகிறவர்களைத்தான் அது தேடும், வாங்குகிறவர்களை அல்ல. "ரேட்?" என்று கேட்டுவிட்டுக் காணாமல் போகிறவர்களைப் பிடிப்பதில் முனைவர் பட்டமே வாங்கிவிட்டது. விற்பனைதான் வேண்டும் என்று மாற்றினால், நம் அளவுக்கு வாரம் 50 எங்கே நடக்கும்? 'லேர்னிங் லிமிடெட்', அதாவது பழகப் போதுமான பலன் இல்லை, என்று அங்கேயே நின்றுவிடும்.

எனவே நண்பா, லுங்கிக்கு வேண்டாம். கட்டாயம் போடுவேன் என்றால் தீபாவளி நெருக்கத்தில் ஆரம்பிக்காதே. விளம்பர இடம் ஏலத்தில்தான் போகிறது, பெரிய கடைகள் அதில் இறங்கி விலையை ஏற்றிவிடும். முன்னாடியே போட்டுப் படிக்க விடு. நான் நேற்று கோபத்தில் என் விளம்பரத்தை நிறுத்தி வைத்திருக்கிறேன். 7 நாள் நிறுத்தி வைத்தால் மறுபடி முதலிலிருந்து படிக்குமாம். படிக்கட்டும்.