ஃபினாலே மேட்ச் பெல்லட்: தலையளவு பார்த்து வாங்க வேண்டியது

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் பயிலும் என் மகளுக்காக, ஜெர்மனியின் எச் அண்ட் என் நிறுவனம் தயாரிக்கும் ஃபினாலே மேட்ச் பெல்லட்டை (ஏர் ரைஃபிளில் சுடும் சிறு ஈயக் குண்டு) 4.49, 4.50, 4.51 மில்லிமீட்டர் என்னும் மூன்று தலையளவுகளில், அதாவது முன்பகுதியின் விட்டங்களில், வாங்கி, மதுரையில் அவள் பயிற்சி செய்யும் ரேஞ்சிலேயே மூன்று வாரம் சோதித்தோம். மூன்றும் 0.53 கிராம் எடை கொண்டவை. எங்கள் ரைஃபிளுக்குப் பொருந்தியது 4.50.

ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக்காக இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்பவர்கள் இலக்கு அட்டையை ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும். நடுவிலுள்ள வெண்பொட்டின் விட்டம் அரை மில்லிமீட்டர்தான். புள்ளியைத் தசமத்தில் கணக்கிடும்போது, பெல்லட் நடுவிலிருந்து கால் மில்லிமீட்டர் கூடுதலாக விலகினாலே 0.1 புள்ளி குறைந்துவிடும். 2018 முதல் பெண்களும் தகுதிச் சுற்றில் 60 முறை சுடுகிறார்கள் என்பதால், சிறு சிறு இழப்புகள் சேர்ந்து பெரிதாகின்றன.

பெல்லட் இடை சிறுத்த உடுக்கையைப் போன்றது. அதன் தலை குழலுக்குள் சுருளாக வெட்டிய வரிப்பள்ளங்களுக்கு இடையிலுள்ள மேடுகளைத் தொட்டபடி நேராகச் செல்ல, உள்ளீடற்ற பின்பகுதி காற்றழுத்தத்தில் விரிந்து காற்று கசியாமல் அடைக்கிறது. தலை சிறுத்தால் பெல்லட் குழலுக்குள் தள்ளாடும். பெருத்தால் மென்மையான ஈயம் நசுங்கி வடிவம் கெடும். ஒரே நிறுவனத்தின் ஒரே மாதிரி ரைஃபிள்கள் இரண்டுக்குக்கூட வெவ்வேறு அளவுகள் பொருந்தலாம் என்பதால், அடுத்தவர் சொன்ன அளவை அப்படியே வாங்குவதில் பயனில்லை.

கை நடுக்கம் கணக்கில் சேராதிருக்க, புதுமண்டபத்திலிருந்து குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறிய தையற்காரர் ஒருவரிடம் தடித்த துணியில் இரண்டு மணல் பைகள் தைத்து வாங்கி, ரைஃபிளை அவற்றின்மேல் கிடத்தி, ஒவ்வொரு அளவிலும் அட்டைக்கு ஐந்தாகப் பத்து அட்டைகள் சுட்டோம். 4.49-இல் துளைகள் பக்கவாட்டில் பரவின. 4.51-ஐக் குழலுக்குள் தள்ளும்போதே விரலில் இறுக்கம் தெரிந்தது. அட்டைகளில் பாதி நன்றாகவும் பாதி சுமாராகவும் அமைந்தன. 4.50-இலோ, ஐந்து துளைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து, ஒரே துளையின் விளிம்பு சற்றே பிசிறியதைப் போலத் தெரிந்தது. பத்து அட்டைகளையும் அடுக்கி வெளிச்சத்தில் பிடித்தபோது என் மகளின் முகத்தில் கண்ட நிம்மதியை நான் மறக்க மாட்டேன், ஏனெனில் அதுவரை பிழையெல்லாம் தன் கையிலேயே என்று அவள் நம்பியிருந்தாள்.

எடைச் சீர்மையும் பாராட்டுக்குரியது. தெற்காவணி மூல வீதியில் நகைக்கடை வைத்திருக்கும் உறவினரின் தராசில் இருபது பெல்லட்டுகளை ஒவ்வொன்றாக நிறுத்தோம். வேறுபாடு சில மில்லிகிராம்தான். அதற்கு முன் நாங்கள் பயன்படுத்திய வேறொரு வகையில், நிறுக்கத் தேவையின்றி வெறுங்கண்ணுக்கே குறை தெரிந்தது.

வாங்கும் முறையில்தான் கவனம் வேண்டும். இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் 4.50 கேட்டிருக்க, முதலில் 4.51 வந்து சேர்ந்தது. மாற்றி அனுப்பிய டின்னோ வழியில் அடிபட்டு, பல பெல்லட்டுகளின் பின்விளிம்பு நசுங்கியிருந்தது. விளிம்பு வட்டம் குலைந்ததைப் போட்டிக்கு எடுக்கவே கூடாது. டின்னைத் திறந்ததும் உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்து, குறையுள்ளவற்றைத் தனி டப்பாவில் போட்டு, நிற்கும் நிலையைப் பழகும் பயிற்சிக்கு வைத்துக்கொள்கிறோம். ஈயம் என்பதால் தொட்ட கையைச் சோப்பிட்டுக் கழுவாமல் எதையும் உண்ணவும் கூடாது.

புதிதாகத் தொடங்கியவர்கள் இதற்குச் செலவழிக்க வேண்டியதில்லை. நிற்கும் நிலையும் விசை இழுப்பும் படியும்வரை சாதாரணப் பெல்லட்டே போதும். மாநிலப் போட்டிக்குத் தயாராகிறவர்கள் தயங்காமல் வாங்கலாம், ஆனால் டின்னில் உள்ள தயாரிப்புத் தொகுதி (பேட்ச்) எண்ணைக் குறித்துவைத்து, அந்தத் தொகுதியிலேயே கூடுதலாக வாங்குவது நல்லது. எங்களுக்குப் பொருந்திய தொகுதியில் இன்னும் நான்கு டின்கள் கிடைத்தன. அவற்றைப் போட்டிக்கென்று ஒதுக்கிவைத்திருக்கிறோம்.