‘டெமோ பீஸ்’ என்று வாங்கிய இ-இங்க் டேப்: நாலு மாதக் கையெழுத்துக் குறிப்புகள் ஒரே மாலையில் போயின

ஏற்காட்டில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். பகுதி நேரமாக ஆய்வும் செய்கிறேன், நடுகல் கல்வெட்டுகள் பற்றி. சேலத்தில் ஐந்து ரோட்டைச் சுற்றியுள்ள ஒரு கடையில், படிக்கவும் பேனாவால் எழுதவும் ஆகிற இ-இங்க் டேப் ஒன்றைப் போன ஐப்பசியில் வாங்கி ஏமாந்தேன். நுகர்வோர் ஆணையத்தில் மனு நிலுவையில் இருப்பதால் கடையின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் இதே மாதிரி வாங்க நினைப்பவர்கள் சேலத்திலும் ஏற்காட்டிலும் நிறைய பேர் இருக்கிறார்கள், போட்டித் தேர்வுப் பிள்ளைகள், ஆய்வு மாணவர்கள். அதனால் நடந்ததை முழுசாக எழுதுகிறேன்.

எனக்கு ஏன் இந்தக் கருவி தேவைப்பட்டது என்பதைச் சொன்னால்தான் என்ன போனது என்று புரியும். தருமபுரி, செங்கம் பக்கத்துப் பழைய நடுகற்களில் எழுத்து வட்டெழுத்து, அதாவது வளைவு வளைவாக வரும் பழைய தமிழ் எழுத்து வடிவம். அதை விசைப்பலகையில் தட்ட முடியாது. கல்லில் எப்படி வளைந்திருக்கிறதோ அப்படியே கையால் வரைந்து வைத்தால்தான் பிறகு ஒப்பிட முடியும். பிந்தைய வட்டெழுத்தில் ப-வும் வ-வும் எளிதில் மயங்கும். ஒரு சுழிப்பு எங்கே தொடங்குகிறது என்பதை வரைந்து பார்த்தால்தான் பிடிபடும். படிக்க வேண்டியவையோ எல்லாம் ஸ்கேன் செய்த பழைய பிடிஎஃப். செல்போனில் பெரிதாக்கி நகர்த்தி நகர்த்திப் படித்துக் கண் எரிச்சல் வந்துவிட்டது. கண் டாக்டர், இரவில் திரை பார்ப்பதைக் குறையுங்கள் என்று சொன்னார். அதற்குப் பிறகுதான் இ-இங்க் பக்கம் போனேன்.

இந்தத் திரை செல்போன் திரை மாதிரி ஒளியை நம் கண்ணில் அடிப்பதில்லை. மிகச் சிறு குமிழிகளுக்குள் கறுப்புத் துகளும் வெள்ளைத் துகளும் இருக்கும். மின்சாரம் ஒரு நொடி தள்ளினால் எது மேலே வரவேண்டுமோ அது வந்து நின்றுவிடும். அதற்குப் பிறகு மின்சாரமே வேண்டாம், எழுத்து அப்படியே நிற்கும். காகிதத்தில் அச்சடித்ததைப் போலத்தான் கண்ணுக்குப் படும். கிண்டில் ஸ்கிரைப், ரிமார்க்கபிள், பூக்ஸ் என்று எழுதவும் முடிகிற பெரிய திரைக் கருவிகள் சில இருக்கின்றன. நான் வாங்கியது எந்த நிறுவனத்தினுடையது என்பது இங்கே முக்கியமில்லை. தவறு நிறுவனத்துடையது இல்லை, விற்றவருடையது.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். “புதுசு நாப்பத்திரண்டாயிரம் வரும் மேடம். இது டெமோ பீஸுங்க, பாக்ஸ் மட்டும்தான் திறந்தது. இருபத்தேழாயிரத்து ஐந்நூறு குடுங்க, ஒரு வருஷம் வாரண்டி என் பொறுப்பு.” நானே செட் பண்ணித் தருகிறேன் என்று கருவியை உள்ளே எடுத்துப் போனார். கால் மணி நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தபோது ஏற்கெனவே திறந்து, தயாராக இருந்தது. திரையின் மூலையில் ஒரு பெயர் தெரிந்தது. கடையில் யாராவது ஒருவருடைய பெயராக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். பில் கேட்டேன். “ஜிஎஸ்டி பில் போட்டா ரேட் ஏறுமுங்க” என்று ஒரு எஸ்டிமேட் சீட்டில் ‘டேப் 1’ என்று எழுதிக் கொடுத்தார். சீரியல் நம்பர் கிடையாது. ஜிபேயில் பணம் அனுப்பியபோது கடைப் பெயர் வரவில்லை, ஒரு தனி ஆளின் பெயர் வந்தது. இந்த மூன்றையும் அங்கேயே கவனித்தேன். கவனித்தும் பணம் கொடுத்தேன். மலைக்குப் போகும் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்ற அவசரம்.

வீட்டுக்கு வந்து பெட்டியில் இருந்த பேனாவை எடுத்தால் நுனியில் ரப்பர். எழுதினால் பக்கம் திரும்புகிறது, கோடு விழவில்லை. மறுவாரம் சனிக்கிழமை மறுபடியும் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலம் போனேன். “இதுக்குப் பேனா தனியா வாங்கணும் மேடம்” என்று 3,200 ரூபாய்க்கு இன்னொன்று கொடுத்தார். அது எழுதியது. நான் வாங்கிய மாடலின் பெட்டியிலேயே பேனா சேர்ந்து வரும் என்று பின்னால்தான் தெரிந்தது. அசல் பேனாவை எடுத்துவிட்டுச் செல்போனுக்கு விற்கிற நூறு ரூபாய்ப் பேனாவைப் போட்டிருக்கிறார்கள்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைகளில் இதைத்தான் குழப்புகிறார்கள். இந்த வகைக் கருவிகள் பலவற்றில் திரைக்கு அடியில் மெல்லிய கம்பி வலை ஒன்று இருக்கும். அது ஒரு காந்தப் புலத்தை அனுப்பும். பேனாவுக்குள் இருக்கிற சிறு கம்பிச் சுருள் அதே அலைவரிசையில் அதிர்ந்து பதில் சொல்லும். அதை வைத்துத்தான் பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று கருவி கண்டுபிடிக்கிறது. அதனால் பேனாவுக்கு பேட்டரி வேண்டாம், சார்ஜ் போட வேண்டாம். உள்ளங்கையைத் திரையில் ஊன்றிக்கொண்டு நோட்டில் எழுதுகிற மாதிரி எழுதலாம். ரப்பர் நுனிப் பேனா இந்த வலைக்குத் தெரியவே தெரியாது. விரல் பட்டதாகத்தான் கருவி எடுத்துக்கொள்ளும். ‘அப்டேட் வந்தா சரியாயிடும்’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், எந்த அப்டேட்டும் ரப்பர் நுனிக்குள் கம்பிச் சுருளை வைக்காது.

சரி, பேனா வந்தது. அப்புறம் நாலு மாதம் எனக்குக் குறையே இல்லை. மழைக்காலத்தில் இங்கே பனிமூட்டம் ஜன்னல் வரை வந்து நிற்கும், கரண்ட் போனால் எப்போது வரும் என்று சொல்ல முடியாது. டேப் ஒரு வாரம் தாங்கியது. பத்து அங்குலத் திரையில் ஸ்கேன் பக்கம் முழுசாகத் தெரிந்தது. பழந்தமிழ் நூல்களை இணையத்தில் இலவசமாகத் தரும் மதுரைத் திட்டத்தின் பிடிஎஃப்களையும் மடிக்கணினியிலிருந்து கேபிள் போட்டு ஏற்றிக்கொண்டேன். கல்வெட்டுப் படத்தை மேலே வைத்துக் கீழே எழுத்து எழுத்தாக வரைந்தேன். ஒவ்வொரு ‘ப’வும் எந்தக் கல்லில் எந்த வரியில் வந்தது என்று ஓரத்தில் குறித்தேன். நூற்றுப் பத்துப் பக்கத்துக்கு மேல் ஆகியிருந்தது.

மாசி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை, மாலை ஏழு மணி இருக்கும். விடைத்தாள் திருத்தி முடித்துவிட்டு டேப்பைத் திறந்தேன். வைஃபை பிடித்தது. திரை ஒருமுறை கறுத்து வெளுத்தது. பிறகு ‘மொழியைத் தேர்ந்தெடுக்கவும்’ என்ற பக்கம் வந்து நின்றது, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த கருவி மாதிரி. பின்னால் போக வழியில்லை. அணைத்து, திறந்து, மறுபடி அணைத்துப் பார்த்தேன். கடைசியில் என் செல்போனில் அந்தத் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டேன், கடையில் காட்டலாம் என்று. அந்தப் படம்தான் இன்று என்னிடம் இருக்கிற பலமான சாட்சி.

நடந்தது இதுதான். அந்த டேப் வேறு ஒருவருடையது. அவருடைய கணக்கிலேயே அது ஓடிக்கொண்டிருந்தது. மூலையில் நான் பார்த்த பெயர் அவருடையது. நாலு மாதமாக நான் எழுதிய ஒவ்வொரு பக்கமும் அந்தக் கணக்கோடுதான் சேர்ந்திருக்கிறது. அவர் ஒருநாள் தன் கணக்கிலிருந்து பழைய கருவியை நீக்கியிருக்கிறார். அது அவருடைய உரிமை, அவர்மேல் எனக்கு வருத்தமில்லை. கருவி வைஃபையைத் தொட்டதும் உள்ளே இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டுப் புதிதாக நின்றுவிட்டது.

கடைக்காரர் முதலில் வைரஸ் என்றார். பிறகு “குடுத்துட்டுப் போங்க மேடம், ஒரு வாரத்துல எடுத்துத் தர்றேன்” என்றார். நம்பிக் கொடுத்தேன், அதற்கும் ரசீது இல்லை. மூன்று வாரம் ஆனது. திரும்ப வந்தபோது திரையின் இடது பக்கம் மேலிருந்து கீழ்வரை இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு வெள்ளைப் பட்டை. அந்த இடத்தில் எழுத்தே வரவில்லை. “நீங்க அழுத்தி எழுதியிருப்பீங்க” என்று என்னிடமே சொன்னார். செல்போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கொடுப்பதற்கு முன்னால் எடுத்தது, தேதி நேரத்தோடு இருக்கிறது, பட்டை இல்லை. அப்புறம் அவர் பேசுவதை நிறுத்திக்கொண்டு வேறு வாடிக்கையாளரைப் பார்க்கப் போய்விட்டார்.

பழைய பஸ் ஸ்டாண்ட் பக்கம் செல்போன் பழுது பார்க்கும் ஒரு தம்பி திரையை விளக்கில் சாய்த்துப் பார்த்துவிட்டு உடனே சொன்னார்: “அக்கா, உள்ள கண்ணாடி விட்டிருக்கு. பிரிக்கும்போது வளைஞ்சிருக்கும்.” இ-இங்க் படலம் பெரும்பாலும் மெல்லிய கண்ணாடித் தகட்டின்மேல் ஒட்டியிருக்கும். மேல் கண்ணாடி உடையாமலே உள்தகடு விரிசல் விடும். திரை மாற்றுகிற செலவில் இன்னும் கொஞ்சம் போட்டால் வேறு டேப்பே வாங்கலாம், விட்டுவிடுங்கள் என்றும் அவர்தான் சொன்னார். அந்தத் தம்பி உண்மையைச் சொல்லக் காசு கேட்கவில்லை என்பதையும் நான் எழுதிவைக்க வேண்டும்.

நிறுவனத்தின் உதவி எண்ணுக்குப் பேசினேன். சீரியல் நம்பரைச் சொன்னதும் விஷயம் வெளியே வந்தது. வேறு நாட்டில் விற்ற கருவி, வாரண்டி எப்போதோ முடிந்துவிட்டது. பழைய கணக்கு யாருடையது என்று சொல்ல மாட்டோம், அதிலிருக்கும் குறிப்புகளை எனக்குத் தரவும் முடியாது என்றார்கள். மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவர்கள் சொன்னதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் என் கையெழுத்து, எனக்குத் தெரியாத யாரோ ஒருவருடைய கணக்கில் கிடக்கிறது என்பதைக் கேட்டுக்கொண்டு போனை வைப்பது கஷ்டமாக இருந்தது.

1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்தேன். கடையிலிருந்து பதில் வரவில்லை. என் சித்தப்பா மகன் சேலத்தில் வக்கீல். அவன் வழியாகப் பதிவுத் தபாலில் நோட்டீஸ் அனுப்பினோம். அதற்குப் பிறகு 3,200 ரூபாய் மட்டும், பேனாவுக்கு என்று, ஜிபேயில் திரும்பி வந்தது. மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறேன். கோர்ட் என்று பயந்து பலர் விட்டுவிடுகிறார்கள். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நடக்கிற விஷயம் இது. பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும், நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே கொடுக்கலாம். வக்கீல் இல்லாமல் நாமே வாதாடவும் செய்யலாம். எனக்கு எஸ்டிமேட் சீட்டு, ஜிபே பதிவு, அந்தத் திரைப் படம், வாட்ஸப்பில் கடைக்காரர் ‘ரெடி ஆகிட்டு இருக்கு மேடம்’ என்று அனுப்பிய குரல் பதிவு, இவ்வளவுதான் கையில். ஜிஎஸ்டி பில்லில் சீரியல் நம்பர் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும் என்றான் அந்த வக்கீல். ஏறும் என்று சொன்ன அந்த ரேட்டைக் கொடுத்தே பில் வாங்கியிருக்க வேண்டும்.

நீங்கள் வாங்கப் போனால் கடையிலேயே அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் கண் முன்னாலேயே முழுசாக ரீசெட் செய்யச் சொல்லுங்கள். பிறகு உங்கள் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் உங்கள் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பழைய கணக்கு ஒட்டிக்கொண்டிருந்தாலும், தொலைந்தது என்று யாராவது புகார் கொடுத்த கருவியாக இருந்தாலும் அனேகமாக அங்கேயே மாட்டிக்கொள்ளும். ‘நானே செட் பண்ணித் தர்றேன்’ என்று உள்ளே எடுத்துப்போக விடாதீர்கள். அமைப்புப் பக்கத்தில் வருகிற சீரியல் நம்பரும் பெட்டியில் ஒட்டியதும் ஒன்றா என்று பாருங்கள். பேனாவை எடுத்து, உள்ளங்கையை நன்றாக ஊன்றி, நாலு ஓரத்திலும் மெதுவாகச் சாய்கோடு போடுங்கள். கோடு நடுங்கினாலோ விட்டுவிட்டு விழுந்தாலோ வேண்டாம். அணைத்துவிட்டும் திரையைப் பாருங்கள். இ-இங்க் திரையில் உள்தகடு போயிருந்தால் அணைத்த பிறகும் பட்டை அப்படியே தெரியும். நீங்கள் நிஜமாகப் படிக்கப்போகும் தமிழ் பிடிஎஃப் ஒன்றைக் கையோடு கொண்டுபோய் அதில் திறந்து காட்டச் சொல்லுங்கள். யூனிகோடுக்கு முந்திய எழுத்துருவில் செய்த பழைய தமிழ்க் கோப்புகளை இபப் (epub) என்ற மின்னூல் வடிவத்துக்கு மாற்றினால் வெறும் கிறுக்கலாக வரும், அதையும் முன்னாலேயே தெரிந்துகொள்ளலாம்.

ஏற்கெனவே வைத்திருப்பவர்கள், புதுசாகவே வாங்கியிருந்தாலும் சரி, இன்று இரவே உங்கள் குறிப்பேடுகளை பிடிஎஃப்பாக உங்களுக்கே மெயில் அனுப்பிக்கொள்ளுங்கள். வாரம் ஒருமுறை அனுப்புங்கள். பத்து நிமிட வேலை. நான் மடிக்கணினியிலிருந்து டேப்புக்கு எத்தனையோ தடவை கேபிள் போட்டிருக்கிறேன், டேப்பிலிருந்து எதையும் எடுத்ததில்லை.

இப்போது இருநூறு பக்க நோட்டில் மறுபடி முதலிலிருந்து வரைந்துகொண்டிருக்கிறேன். பாதிக் கற்களுக்குப் படம் இருக்கிறது. மீதியை நேரில் பார்த்து வரைந்திருந்தேன், திரும்பப் போக வேண்டும்.

இன்னும் ஒன்று. சேலத்தில் போன வருடம் உங்கள் இ-இங்க் டேப்பை யாரிடமாவது விற்றோ மாற்றியோ இருந்தால், தயவுசெய்து உங்கள் கணக்கை ஒருமுறை திறந்து பாருங்கள். ‘நடுகல் 1’, ‘நடுகல் 2’, ‘எழுத்து ஒப்பீடு’ என்று நீங்கள் எழுதாத மூன்று குறிப்பேடுகள் அதில் இருந்தால் அழித்துவிடாதீர்கள். அவை என்னுடையவை. இந்தப் பதிவின் கீழே ஒரு வரி எழுதுங்கள், நானே தேடி வருகிறேன்.