நார்னியாவா, ஹாக்வார்ட்ஸா?

2001 டிசம்பரில் அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில், அலமோகோர்டோ என்ற ஊரில் ஒரு கிறிஸ்தவ சபையார் ஹாரி பாட்டர் புத்தகங்களைத் தீயில் போட்டார்கள். சி. எஸ். லூயிஸ் எழுதிய நார்னியா சிறுவர் கதைகளையோ பல கிறிஸ்தவ வீடுகளில் தாராளமாகவே பிள்ளைகள் கையில் கொடுக்கிறார்கள். இரண்டிலும் மந்திரம் இருக்கிறதே, பிறகு ஏன் இந்த ஓரவஞ்சனை?

நார்னியாவில் மந்திரம் வேறொரு உலகத்துச் சமாச்சாரம். துரோகம் செய்த எட்மண்ட் என்ற சிறுவனுக்காக அஸ்லான் என்ற சிங்கம் சாகும் இடத்தில் சிலுவை பளிச்சென்று தெரிகிறது. ஹாரி படிக்கும் மந்திரப் பள்ளியான ஹாக்வார்ட்ஸுக்கு லண்டனில் ரயிலேறியே போய்விடலாம். அங்கே மந்திரம்தான் பாடத்திட்டம். பைபிளில் உபாகமம் 18:10-12 சூனியத்தைத் தடுக்கிறதே என்று கவலைப்படுகிறவர்களை நான் கேலி செய்ய மாட்டேன்.

ஆனால் கோடு அவ்வளவு நேராக இல்லை. 1952-ல் வந்த நார்னியா கதையில், எட்மண்டின் தங்கை லூசி ஒரு மந்திரப் புத்தகத்தைப் புரட்டி, தோழி தன்னைப் பற்றி என்ன பேசுகிறாள் என்று பார்க்கிறாள். அஸ்லான் கண்டிப்பது வேவு பார்த்ததை. புத்தகத்துக்குச் சொந்தக்காரரான மந்திரவாதி நல்லவர்! 2007-ல் வந்த கடைசி ஹாரி பாட்டரிலோ, ஹாரியின் பெற்றோரின் கல்லறையில் இருப்பது பைபிள் வசனம், 1 கொரிந்தியர் 15:26: ‘பரிகரிக்கப்படுங் கடைசிச் சத்துரு மரணம்.’ எரித்தவர்கள் ஆறு வருஷம் பொறுத்திருக்கலாம்.

என்னைக் கேட்டால், ஏழெட்டு வயதுக்கு நார்னியா. பத்து வயதுக்கு மேல் ஹாரியும் சரிதான், பெரியவர் யாராவது கூடவே படித்தால். நான்காம் பாகத்திலிருந்து சாவுகள் கூடிக்கொண்டே போகின்றன. மந்திரத்தைவிட அதற்குத்தான் வயது பார்க்க வேண்டும்.