புதிதாகத் திருமுழுக்கு பெறுபவரும் பிற சபையிலிருந்து வருபவரும்: கத்தோலிக்கராவதற்கு இரண்டு வழிகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற தோட்டப்புற ஊரில் வளர்ந்த ஒருவர் வயது வந்தபின் கத்தோலிக்கராக விரும்பினால், அவர் திருமுழுக்கு (ஞானஸ்நானம்) பெறாதவரா, மெதடிஸ்ட் அல்லது லூத்தரன் சபையில் ஏற்கெனவே பெற்றவரா என்பதே வழியைத் தீர்மானிக்கிறது.

இந்துக் குடும்பத்திலிருந்து வருபவர் மாதக்கணக்கில் மறைக்கல்வி கற்று, தவக்காலத் தொடக்கத்தில் ஆயர் முன்னிலையில் தேர்ந்துகொள்ளப்பட்டு, உயிர்ப்புப் பெருவிழாவுக்கு முந்தைய பாஸ்கா திருவிழிப்பு இரவில் திருமுழுக்கு, உறுதிபூசுதல் (விசுவாசத்தில் உறுதிப்படுத்தும் எண்ணெய்ப் பூசுதல்), நற்கருணை மூன்றையும் ஒருசேரப் பெறுகிறார். திருமுழுக்கே பாவங்களைப் போக்குவதால் முன்னதாக ஒப்புரவு அருளடையாளம் (குருவிடம் பாவங்களை அறிக்கையிடுவது) தேவையில்லை. வழி நீண்டதுதான், ஆனால் பெற்றோரிடம் பொறுமையாகப் பேச அவகாசம் கிடைப்பதால் அந்த நீளத்தை நான் வரமாகவே கருதுகிறேன்.

பிற சபையில் ஏற்கெனவே திருமுழுக்குப் பெற்றவருக்கு மறுபடியும் தண்ணீர் ஊற்றுவதில்லை. தந்தை, மகன், தூய ஆவியின் பெயரால் பெற்ற திருமுழுக்கைத் திருச்சபை ஏற்கிறது. ஒப்புரவுக்குப் பின் விசுவாச அறிக்கை, உறுதிபூசுதல், நற்கருணை ஆகியவற்றோடு நிறைவுறும். உயிர்ப்புப் பெருவிழாவரை காத்திருக்கும் கட்டாயமும் இல்லை. சிக்கல் திருமுழுக்குச் சான்றிதழில்தான். தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்டபோது சிற்றாலயமும் பதிவேடும் சேர்ந்தே மறைந்திருக்கலாம். பிறருக்குப் பாதகமில்லையெனில், நம்பத்தக்க ஒரே சாட்சியின் வாக்குமூலம் போதுமென 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் கூறுகிறது. ஆகவே அன்று உடனிருந்த பெரியம்மாவையோ ஞானத்தாயையோ முதலில் தேடிச் சென்று கேளுங்கள்.