ஸ்டீரிங் பிளேன்னு போனா ராக்கையே மாத்தச் சொன்னாங்க, ஒரு போல்ட்டு கதை

ரெண்டு மாசமா எழுதணும்னு நெனச்சு நெனச்சு தள்ளிப் போட்டுட்டே இருந்தேன், கோவத்துல எழுதுனா வெறும் திட்டா போயிரும்னு. இப்ப பஞ்சாயத்து முடிஞ்சிருச்சு, முடிஞ்சிருச்சுன்னு அவங்க சொல்றாங்க, அதனால எழுதறேன். கராஜ் பேரு போடல, இன்பாக்ஸ்லயும் கேக்காதீங்க. கோயமுத்தூர்ல ஜெர்மன் வண்டிங்கள பாக்கற எடம், வாசல்ல கண்ணாடிக் கதவு, உள்ள காப்பி மெஷின், அவ்ளோதான்.

வண்டி 2018 ஸ்கோடா ஆக்டேவியா விஆர்எஸ் 230. ரெண்டு லிட்டர் டர்போ பெட்ரோல், 230 பிஎஸ், 350 நியூட்டன் மீட்டர், நூறு தொட 6.8 செகண்டு, அத்தனையும் முன் சக்கரத்துக்குத்தான் போகுது. செகண்ட் ஹேண்ட்ல எடுத்தது, அதுக்கு மேல நான் ஒரு ரீமேப் (என்ஜின் சாஃப்ட்வேர மாத்தி பவர் ஏத்தறது) வேற போட்டிருக்கேன். எங்க ஊரு திருச்செங்கோடு, போர்வெல் ரிக்கு வண்டி ஊரு, வீட்ல எல்லாரும் லாரி பாத்து வளந்தவங்க, "இந்தக் காசுக்கு ஒரு ஃபார்ச்சூனர் எடுத்திருக்கலாம்ல"ன்னு அப்பா இன்னும் மாசத்துக்கு ஒருதடவ கேப்பாரு. ஓட்டுனவங்களுக்குத் தெரியும், இதோட ஸ்டீரிங் சாதா ஆக்டேவியா மாதிரி இல்ல, ப்ரோக்ரெஸிவ் ராக்கு (ராக்குன்னா ஸ்டீரிங் சுத்தறப்ப இடம் வலமா நகர்ந்து சக்கரத்த திருப்பற பல்லு வச்ச கம்பி), பல்லோட இடைவெளி நடுவுல ஒரு மாதிரி ஓரத்துல ஒரு மாதிரி இருக்கும், கொஞ்சம் திருப்புனாலே சக்கரம் நெறையத் திரும்பும். அதனால இதுல அரை நூலு பிளே (சக்கரம் திரும்பாம ஸ்டீரிங் மட்டும் சும்மா ஆடற ஆட்டம்) வந்தாக்கூட பழைய அம்பாசடர்ல நாலு நூலு வந்த மாதிரி கைக்குத் தெரியும்.

ஜனவரில ஐடில்ல நிக்கும்போது கடகடன்னு சத்தம், ஃப்ளைவீல் (என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவுல இருக்கற கனமான சக்கரம்) போயிருச்சுன்னு சொன்னாங்க, அது உண்மைதான், அதுல எனக்கு சண்டை இல்ல. கியர்பாக்ஸ எறக்கி மாத்தி நாலு நாள்ல குடுத்தாங்க. வண்டி ஸ்மூத்தா இருந்துச்சு, சந்தோசமா வாங்கிட்டு அவினாசி தாண்டி ஹைவேல வரேன், நூறுல நேரா போகணும்னா ஸ்டீரிங்க சின்னச் சின்னதா திருத்திக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு. இடப்பக்கம் ஒரு விரல் திருப்பினா ஒண்ணும் நடக்கல, அப்புறம் காலுக்குக் கிட்ட லேசா ஒரு டக்கு, அதுக்கப்புறம்தான் வண்டி கேக்குது. போதாததுக்கு ரோடு நேரா இருக்கு, ஸ்டீரிங் மட்டும் ஒரு பக்கம் சாஞ்சு நிக்குது.

அடுத்த வாரம் திரும்பப் போனேன். அட்வைசர் தம்பி ரொம்ப மரியாதையா "அலைன்மெண்ட் சார்"னு சொன்னாரு, 1,800. ஸ்டீரிங் நேரா வந்துச்சு, பிளே அப்படியே இருந்துச்சு. ரெண்டாவது தடவ "டை ராடு எண்டும் ராக் எண்டும் தேஞ்சிருக்கு சார், ரெண்டு பக்கமும் போட்டுறலாம்", அதாவது ராக்கையும் சக்கரத்தையும் சேக்கற கம்பியோட ரெண்டு முனை ஜாயிண்ட்டும், 14,600, கூடவே மறுபடி அலைன்மெண்ட் 1,800. மாறல. மூணாவது தடவ லோயர் ஆர்ம் புஷ் (சக்கரத்த கீழ புடிச்சிருக்கற கையோட ரப்பர்), 9,400, அதுக்கு ஒரு அலைன்மெண்ட். ஆக 29,400 போச்சு. ஒவ்வொரு தடவயும் திருச்செங்கோட்டுல இருந்து போக வர ஒரு முழு நாள், அதுக்கு யாரு கணக்கு போடுவா.

நடுவுல ஒருதடவ அந்தத் தம்பி "இந்த அளவு பிளே லிமிட்டுக்குள்ளதான் சார், நார்மல்தான், நீங்க ரொம்ப சென்சிடிவ்வா ஓட்டறீங்க"ன்னாரு. எந்த லிமிட்டுன்னு வீட்டுக்கு வந்து தேடிப் பாத்தேன். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989ல 98வது விதி, ஸ்டீரிங் வீல்ல பிளே 30 டிகிரிக்கு மேல இருக்கக் கூடாதாம். 30 டிகிரின்னா கடிகாரத்துல பன்னெண்டுல இருந்து ஒண்ணு வரைக்கும்ங்க. எங்க அப்பாவோட ரிக்கு லாரிக்கும் அதேதான், என் வண்டிக்கும் அதேதான். என் வண்டில 30 டிகிரி திருப்பினா அடுத்த லேன்ல இருப்பேன். சட்டப்படி அவரு சொன்னது சரியா கூட இருக்கலாம், ஆனா ஃப்ளைவீல் மாத்த விடறதுக்கு முந்துன நாள் இல்லாத பிளே வாங்கிட்டு வந்த அன்னைக்கு எப்படி வந்துச்சுங்கறதுக்கு அதுல பதில் இல்லையே.

அந்த "நார்மல்"ங்கற வார்த்தைய நம்பி கொல்லிமலைக்குப் போனேன், குடும்பத்தோட. எழுபது ஹேர்பின். ஏறும்போது பரவால்ல, எறங்கும்போது பிரேக்க அமுக்கிட்டு திருப்பற ஒவ்வொரு எடத்துலயும் அந்த டக்கு, பின்னாடி அம்மா தூங்கிட்டு வராங்க, நான் ரெண்டு கையும் வேர்த்துப் போய் ஓட்டறேன். இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது, ஏன்னு கீழ சொல்றேன்.

நாலாவது தடவ போனப்பதான் பெரிய குண்டு. "ராக்கு இன்டர்னலா போயிருச்சு சார், இதுல எலக்ட்ரிக் மோட்டாரும் ராக்கும் ஒரே அசெம்ப்ளி, தனியா கெடைக்காது." 1,92,000, லேபரும் கோடிங்கும் தனி, பாதி அட்வான்ஸ் கட்டுனா ஆர்டர் போடுவோம்னாங்க. ஸ்கேன் பண்ணீங்களான்னு கேட்டேன், பண்ணோம் சார், எர்ரர் ஒண்ணும் வரல, அதான் மெக்கானிக்கலா போயிருக்குன்னு சொல்றோம்னாங்க. எர்ரர் வரலைன்னா மெக்கானிக்கல், சரி, ஆனா மெக்கானிக்கல்னா ராக்குதான்னு எப்படி? யாராச்சும் ராக்கு உள்ள ஆடுறத கண்ணால பாத்தீங்களான்னு கேட்டதுக்கு, லிஃப்ட்ல ஏத்தி டெக்னீசியன் செக் பண்ணிட்டாருன்னு பதில்.

பழசா கழட்டுன டை ராடு எண்டும் ராக் எண்டும் குடுங்கன்னேன். ஸ்கிராப்புக்குப் போயிருச்சுன்னாங்க, நானும் விடல, அரைமணி நேரம் கழிச்சு ஒரு கவர்ல போட்டுக் குடுத்தாங்க. வீட்டுல எடுத்து அசைச்சுப் பாக்கறேன், பால் ஜாயிண்ட்ட கையால அசைக்கவே முடியல, புதுசு மாதிரி டைட்டு. மேல மூடியிருக்கற ரப்பர் உறைகூட கிழியல. தேஞ்ச ஜாயிண்ட்டுன்னா லொடலொடன்னு ஆடணும்.

அப்பதான் அப்பா "நம்ம ரிக்கு வண்டி மெக்கானிக்க பாக்கச் சொல்லேன்"ன்னாரு. எனக்கு உள்ளுக்குள்ள சிரிப்பு, லாரி பாக்கறவரு விஆர்எஸ்ஸ என்ன பாப்பாருன்னு. மாமான்னுதான் கூப்பிடுவேன் அவர, நாப்பது வருசமா லாரி ஸ்டீரிங் பாக்கறவரு. வண்டிய சுத்திக்கூட வரல, மொதல் கேள்வி, "ஏங்கண்ணு, இந்த ஆட்டம் வரதுக்கு முன்னாடி கடைசியா எதக் கழட்டுனாங்க?"

கியர்பாக்ஸுங்க மாமா, அதுக்கு சப்ஃப்ரேம (முன்பக்கம் அடியில போல்ட்டு போட்டு மாட்டியிருக்கற இரும்புச் சட்டம்) எறக்கியிருப்பாங்கன்னு சொன்னேன். "ஸ்டீரிங் ராக்கு எது மேல உக்காந்திருக்குது?" சப்ஃப்ரேம் மேல. "அப்ப அத எறக்கணும்னா மேல இருந்து வர்ற ஸ்டீரிங் ராட எங்கியாச்சும் பிரிச்சுத்தானே ஆகணும்?" எனக்கு முகத்துல அடிச்ச மாதிரி இருந்துச்சு. நாலு தடவ போயிட்டு வந்தேன், இத நானும் யோசிக்கல, அவங்களும் கேக்கல. இல்ல யோசிச்சும் சொல்லலையான்னு தெரியல.

அவரு லிஃப்ட்டே வேணாம்னுட்டாரு. சக்கரம் அந்தரத்துல தொங்குனா பாரமே இல்ல, எல்லாம் சேந்து லேசா சுத்திக்கும், பிளே எங்க இருக்குன்னு பிடிபடாது, டயரு தரையில இருக்கணும், என்ஜின் ஓடணும்னாரு. மச்சான சீட்டுல உக்கார வச்சு ஸ்டீரிங்க ரெண்டு விரல் அளவு மட்டும் இக்கட்டால அக்கட்டால ஆட்டச் சொன்னாரு, பெருசா திருப்பக் கூடாது. என்னைய கீழ படுக்க வச்சு டை ராடு எண்டு மேல கை வைக்கச் சொன்னாரு, ஜாயிண்ட்டுல பிளே இருந்தா விரலுக்கு டிக் டிக்குன்னு தட்டும், தட்டல. ராக்கு மேல ரப்பர் உறைக்கு வெளில புடிக்கச் சொன்னாரு, ராக் எண்டும் தட்டல. ராக்கு மொத்தமா இடம் வலமா நகருதான்னு பாக்கச் சொன்னாரு, நகரல. அப்புறம் ஜாக்கி போட்டு சக்கரத்த மூணு மணி ஒம்பது மணில புடிச்சு ஆட்டி, பன்னெண்டு ஆறுல புடிச்சு ஆட்டி, மொதல்ல சொன்னதுல ஆடுனா கோளாறு டை ராடு பக்கம், அடுத்ததுல ஆடுனா பால் ஜாயிண்ட் இல்லன்னா பேரிங் பக்கம், எங்கயும் ஒண்ணும் இல்ல. (இருக்காது, பாதி உருப்படி நான் காசு குடுத்துப் போட்ட புதுசாச்சே.)

"அசைவு எங்க சாகுதுன்னு பாக்கணும் கண்ணு, கைல ஆரம்பிச்சு சக்கரம் வரைக்கும் ஒவ்வொரு ஜாயிண்ட்டா வந்தா ஒரு எடத்துல இந்தப் பக்கம் ஆடும், அந்தப் பக்கம் ஆடாது, அங்கதான் ரிப்பேரு." கீழ எங்கயும் அது இல்ல. அப்ப மேல. எங்கடா அந்த ஸ்டீரிங் கிராஸு (மேல இருந்து வர்ற ராட ராக்கோட சேக்கற மடங்கற ஜாயிண்ட்டு)ன்னு தேடுனா, இந்த வண்டில அது வெளிலயே இல்லங்க, டிரைவர் கால் வைக்கற எடத்துல, பெடலுக்குப் பக்கத்துல, ஒரு கறுப்பு பிளாஸ்டிக் மூடிக்கு உள்ள இருக்கு. லிஃப்ட்ல ஏத்தி எத்தன நேரம் அண்ணாந்து பாத்தாலும் கண்ணுல படாது. மூடிய எடுத்துட்டு டார்ச் அடிச்சோம். மச்சான் ஆட்டுறாரு, மேல வர்ற ராடு சுத்துது, கிராஸு சுத்துது, ராக்குக்குள்ள போற பல்லு ராடு ஒரு கண்ணிமைக்கற நேரம் சும்மா நிக்குது, அப்புறம் டக்குன்னு கூட வருது. மாமா ஸ்பேனர் வச்சாரு, கிராஸ ராக்கு ராடு மேல இறுக்கிப் புடிக்கற கிளாம்ப் போல்ட்டு அரைச் சுத்துக்கு மேல பாரமே இல்லாம வந்துச்சு. அந்த எடத்துல பல்லு மேல பளபளன்னு உரசுன தடம்.

அந்தப் போல்ட்ட கழட்டினா புதுசுதான் போடணும், திரும்பப் போடக் கூடாதது. பழசையே போட்டு, அதையும் ஒழுங்கா முறுக்காம விட்டிருக்காங்க. அது முழுசா கழண்டு விழுந்திருந்தா அந்த ஜாயிண்ட்டு மேல நழுவி வர்றதுக்கு தடையே கெடையாது, ஸ்டீரிங் சும்மா சுத்தும், சக்கரம் தன் இஷ்டத்துக்குப் போகும். இதோடதான் எழுபது வளைவும் எறங்கி வந்திருக்கேன்.

புது போல்ட்டு நூத்தி இருபது ரூபா. டார்க் ரெஞ்ச்ல (எவ்ளோ இறுக்கம்னு அளந்து முறுக்கற ஸ்பேனர்) முறுக்குனாரு, பல்லுக்கு சேதம் இல்ல, பிளே போச்சு. சுத்தமா போச்சு. மாமா காசு வாங்கல, டீ மட்டும்.

இன்னொண்ணு, பழைய பேப்பருங்கள தூக்கிப் போடாம வச்சிருந்தது உதவுச்சு. டிசம்பர்ல டயர்க்கடைல எடுத்த அலைன்மெண்ட் பிரிண்ட்ல முன்னாடி கேம்பர் (நேரா நிக்காம சக்கரம் உள்ளயோ வெளியயோ சாயற கோணம்) இடது மைனஸ் 0 டிகிரி 35 நிமிஷம், வலது மைனஸ் 0 டிகிரி 32. கியர்பாக்ஸ் எறக்குனதுக்கு அப்புறம் இவங்களே எடுத்ததுல இடது மைனஸ் 14 நிமிஷம், வலது மைனஸ் 53 நிமிஷம். ஒண்ணு கொறஞ்ச அளவுக்கு இன்னொண்ணு ஏறியிருக்கு. இந்த வண்டில முன்னாடி கேம்பருக்குன்னு தனி அட்ஜஸ்ட்மெண்ட் கெடையாது, சப்ஃப்ரேம் ஒரு பக்கமா நகர்ந்தாத்தான் இப்படி வரும். அடையாளம் போடாம எறக்கி கண்ணு மதிப்புல ஏத்தியிருக்காங்க, அதான் ஸ்டீரிங் சாஞ்சு நின்னது. மூணு தடவ அவங்க மெஷின்லயே இந்த நம்பர் வந்திருக்கு, ஒருத்தரும் பாக்கல, பச்ச கலர் வந்தா பிரிண்ட் எடுத்துட்டாங்க போல. அத வேற எடத்துல சப்ஃப்ரேம் போல்ட்டும் புதுசு வாங்கி சரி பண்ணிக்கிட்டேன்.

போட்டோ, வீடியோ, பழைய போல்ட்டு எல்லாம் எடுத்துட்டுப் போனேன். ஓனர் வந்தாரு, காப்பி குடுத்தாரு, "வெளில யாரோ லூஸ் பண்ணியிருக்கலாம்ல சார்"னு ஆரம்பிச்சாரு. மூடி உங்க ஆளுங்களத் தவிர யாரும் தொடலைன்னு சொன்னதுக்கு, டெக்னீசியன் வேலைய விட்டுப் போயிட்டாருன்னாரு. பார்ட்ஸ் காசு திருப்ப முடியாது, போட்டாச்சு, குட்வில்லுக்கு மூணு அலைன்மெண்ட்டுக்கான 5,400 மட்டும் தரோம்னு ஜிபே பண்ணாங்க. நுகர்வோர் கோர்ட்டுக்கு பேப்பரெல்லாம் அடுக்கி வச்சிருக்கேன், போறதா வேணாமான்னு இன்னும் முடிவு பண்ணல, தேஞ்சிருக்குன்னு பில்லு போட்டு மாத்துன அந்த நல்ல பார்ட்ஸ பாக்கறப்பல்லாம் போலாம்னுதான் தோணுது.

நேத்து அட்வைசர் தம்பி போன் பண்ணாரு. வண்டி எப்படி ஓடுதுன்னு விசாரிச்சாரு, அம்மா சௌக்கியமான்னு கேட்டாரு, கடைசில "சார், கூகுள்ல போட்ட அந்த ஒத்த ஸ்டார மட்டும் கொஞ்சம் எடுத்துவிட்டீங்கன்னா நல்லா இருக்கும்"ன்னாரு.