முகூர்த்த நேரத்திலேயே பதிவும்: பினாங்கில் எங்களுக்கு வாய்த்த திருமணப் பதிவாளர்

மகள் கல்யாணம் முடிந்ததிலிருந்து மண்டபம் எப்படி, பூ அலங்காரம் யார், சாப்பாடு எங்கே சொன்னீர்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதிவாளர் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய முதல் கேள்வியே அதுதான் என்பது என் எண்ணம்.

ஜார்ஜ் டவுனில் ஓர் அம்மன் கோயிலில் திருமணத் துணைப் பதிவாளராக இருக்கிறார் இவர். பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியர். கோயிலில் எல்லோருக்கும் 'ரெஜிஸ்டர் ஐயா'. பெயரைப் பொதுவில் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், அதனால் போடவில்லை. உண்மையாகவே தேவைப்படுகிறவர்கள் எனக்கு எழுதுங்கள், தனியே சொல்கிறேன்.

இவரிடம் போவதற்கு முன் ஒரு கல்யாண ஏற்பாட்டு நிறுவனத்தில் பேசினோம். மேடை, மேளம், ஒப்பனை எல்லாவற்றோடு "ஆர்ஓஎம்மும் (சட்டப்படியான திருமணப் பதிவும்) சேர்த்துத்தான் அக்கா, கல்யாண வாரத்தில் பார்த்துக்கலாம்" என்றார்கள். இத்தனை வருடம் பள்ளி அலுவலகத்தில் வேலை செய்தவளுக்கு அந்த 'பார்த்துக்கலாம்' பிடிக்கவில்லை. முதலாம் ஆண்டுப் பதிவுக்கு வரும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழை வாங்கிப் பார்ப்பேன். சிலவற்றில் அப்பா பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'தகவல் கிடைக்கவில்லை' என்று மலாயில் அச்சாகியிருக்கும். அப்பா பக்கத்திலேயே நிற்பார். ஊரைக் கூட்டித் தாலி கட்டியவர்தான், பதிவுதான் செய்திருக்க மாட்டார். அம்மா வெளிநாட்டுக்காரராக இருந்துவிட்டால் பிள்ளையின் குடியுரிமையே சிக்கலாகிவிடும். அந்த முகங்களைப் பார்த்த பிறகு இந்த விஷயத்தை எப்படி லேசாக எடுத்துக்கொள்வது?

ஐயாவிடம் போனதும் அவர் கேட்டது, "முகூர்த்தம் எப்போன்னு அப்புறம் சொல்லுங்கம்மா. மாப்பிள்ளை இப்போ எங்கே தங்கியிருக்கார்?" மாப்பிள்ளைக்கு ஜோகூர் பாருவில் வேலை. விண்ணப்பிக்கும் மாவட்டத்தில் குறைந்தது 7 நாள் குடியிருந்திருக்க வேண்டும்; இருவரும் வேறு வேறு மாவட்டம் என்றால் இரண்டு பக்கமும் அறிவிப்புக் கொடுக்க வேண்டும். அறிவிப்பு ஒட்டப்பட்டு 21 நாள் இருக்க வேண்டும், யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்குள் சொல்லலாம். அதே சமயம் ஆறு மாதத்துக்குள் கல்யாணம் நடக்காவிட்டால் அந்த அறிவிப்பு செல்லாது. ஐயா நாள்காட்டியை விரித்து, வைகாசியில் முகூர்த்தம் என்றால் பங்குனியிலேயே தாள்களைக் கொடுத்துவிடுங்கள், ஏதாவது திருத்தம் வந்தாலும் சித்திரை முழுக்கக் கையில் இருக்கும் என்றார். கல்யாண வாரத்தில் 'பார்த்துக்கலாம்' என்றவர்களை நம்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அப்போதுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

மலேசியாவின் 1976ஆம் ஆண்டுத் திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. முஸ்லிம் அல்லாத நம் எல்லோருக்கும் அதுதான். கோயிலிலோ சங்கத்திலோ இருக்கும் துணைப் பதிவாளர் முன்னிலையிலேயே சடங்கும் பதிவும் ஒன்றாக நடக்க அது இடம் கொடுக்கிறது. பதிவு அலுவலகத்தில் என்றால் காலை 6 மணிக்கும் மாலை 7 மணிக்கும் நடுவில்தான். கோயிலில் அந்தந்த மத வழக்கம் அனுமதிக்கும் எந்த நேரத்திலும் நடத்தலாம். எங்கள் சோதிடர் குறித்துக் கொடுத்தது விடியற்காலை நாலரையிலிருந்து ஆறு. ஐயா முகம் சுளிக்கவில்லை. நாலு மணிக்கே வெள்ளை வேட்டி சட்டையில் வந்து உட்கார்ந்திருந்தார்.

நம் பழக்கவழக்கத்தை இந்தச் சட்டம் மதித்த இடமும் உண்டு. தடை செய்யப்பட்ட உறவுகளைப் பட்டியலிட்டுவிட்டு, இந்து வழக்கப்படி தாய்மாமன் அக்காள் மகளைக் கட்டுவதற்கு மட்டும் விலக்குக் கொடுத்திருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை, மாப்பிள்ளை சொந்தக்காரர் இல்லை. ஆனால் காத்திருந்தபோது பக்கத்தில் இருந்த ஒரு குடும்பத்துக்கு ஐயா அதை விளக்கிச் சொன்னதைக் கேட்டேன்.

தாள்களைச் சரிபார்க்கும் விதத்தைச் சொல்லியே ஆக வேண்டும். அடையாள அட்டைக்கு (ஐசி) கீழே இரும்பு அடிக்கோலை வைத்து, பெயரை எழுத்து எழுத்தாகப் படித்தார். மகள் பாரத்தில் தன் பெயரை வழக்கமாக எழுதுகிற மாதிரி எழுதியிருந்தாள். ஐசியில் ஒரு எழுத்து கூடுதல். புதுப் பாரம் கொடுத்து மறுபடி எழுதச் சொன்னார். வேறு துணை இல்லை, தடை உறவு இல்லை என்று கொடுக்கும் உறுதிமொழியைச் சும்மா கையெழுத்து வாங்கிக்கொண்டு விடவில்லை. ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி, புரிந்ததா என்று கேட்டார். மறுமணம் என்றால் மணவிலக்குத் தீர்ப்பு முழுமையான பிறகு கிடைக்கும் நகலைப் பார்க்காமல் தேதியே பேச மாட்டாராம். 21 வயது ஆகாதவர்களுக்குப் பெற்றோர் சம்மதம் எழுத்தில் வேண்டும்.

என் மனதில் அவர் உயர்ந்து நின்றது வேறொரு காரணத்தால். தாள்கள் முடிந்ததும் என்னையும் சம்பந்தியம்மாவையும் வெளியே இருக்கச் சொல்லிவிட்டு, மகளிடம் தனியாகப் பேசினார். பிறகு மாப்பிள்ளையிடம் தனியாக. சம்பந்தியம்மாவுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். "நாங்க பெரியவங்க பேசி முடிச்சதுதானே ஐயா" என்றார். "சம்மதம் அவங்க ரெண்டு பேருதும்மா. அதை நான் அவங்க வாயால கேக்கணும்" என்று மரியாதையாகவே சொன்னார். மணவறையிலும் அதே கேள்வியை எல்லோருக்கும் கேட்கும்படி கேட்டார். மேளத்தை நிறுத்தச் சொல்லி, மகள் "சம்மதம்" என்று வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் குருக்கள் தாலியை எடுத்துக் கொடுத்தார். பெண்ணைப் பெற்றவளாக அந்தக் கேள்விக்கு நான் நன்றி சொல்கிறேன். எத்தனையோ மணவறைகளில் பெண்ணிடம் அதைக் கேட்டதே கிடையாது.

சாட்சிகள் இரண்டு பேர். முதல் நாள் இரவே இருவருக்கும் போன் செய்து, "வேட்டிக்குப் பை கிடையாது, ஐசியை இப்பவே வீட்டம்மா கையில் கொடுத்து வைங்க" என்றார். தாலி, அம்மி, ஏழடி எல்லாம் முடிந்து ஆசீர்வாதம் தொடங்குவதற்குள் நால்வரும் கையெழுத்திட்டுவிட்டார்கள்.

குறைகளும் உண்டு. கோயில் அலுவலகம் மதியத்தோடு மூடிவிடுகிறது. பாலம் தாண்டி பட்டர்வொர்த்திலிருந்து வருபவர்கள் வேலைக்கு விடுப்பு எடுத்துத்தான் ஆக வேண்டும். வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பினால் பார்க்க மாட்டார், அசலைக் கொண்டு வா என்பார். பதிவு மேசையை மணவறைக்கு மிக அருகில் போடச் சொன்னதால் படம் எடுப்பவருக்கு ஒரு பக்கம் மறைந்துவிட்டது. வண்டி நிறுத்த இடமே இல்லை. பணத்தைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் ரசீது கொடுத்தார்கள், பூவுக்குச் செலவழித்ததோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பம். கையில் தனியே கொடுத்ததை ஐயா வாங்கவில்லை, அன்னதான உண்டியலைக் காட்டினார்.

தேதியும் மண்டபமும் முடிவாகி இன்னும் இரண்டே வாரம் இருக்கிறது என்று ஓடி வருபவர்களுக்கு இவர் உதவ மாட்டார். திருப்பி அனுப்பிவிடுவார். மண்டபத்துக்கு முன்பணம் கட்டுவதற்கு முன்னால், இரண்டு பேரின் ஐசியோடும் ஒரு காலை நேரத்தில் போய்ப் பாருங்கள். வெள்ளிக்கிழமை மட்டும் வேண்டாம், பூசைக் கூட்டத்தில் அவரைப் பிடிக்க முடியாது.