ஜியாங்சுவா, ஜெஜியாங்கா? உற்பத்தி ஓரிடம், பணப்பை வேறிடம்

சீனாவின் இரண்டு மாகாணங்கள்: ஷாங்காய்க்கு வடக்கே ஜியாங்சு, தெற்கே ஜெஜியாங். பரப்பளவில் இரண்டுமே ஒரு லட்சம் சதுர கிலோமீட்டரைச் சற்றே தாண்டும். 2020 கணக்கெடுப்பின்படி முன்னதில் 8.47 கோடிப் பேர், பின்னதில் 6.46 கோடிப் பேர். நெல், பட்டு, கால்வாய்ப் படகு என்று பழைய வாழ்க்கையும் ஒன்றுதான். 'சுஜோவும் ஹுஜோவும் விளைந்தால் நாடே வயிறு நிறையும்' என்று ஒரு பழைய சொலவடை உண்டு. அதில் வரும் சுஜோ இன்று ஜியாங்சுவில் இருக்கிறது, ஹுஜோ ஜெஜியாங்கில். நடுவே தாய்ஹு ஏரி.

இத்தனை ஒற்றுமைக்கும் நடுவே 2023ஆம் ஆண்டுக் கணக்கு ஒரு புதிர் போடுகிறது. ஜியாங்சுவில் தலைக்கு உற்பத்தி மதிப்பு 1,50,487 யுவான்; ஜெஜியாங்கில் 1,25,043. அதே ஆண்டில் மக்களின் கையில் செலவுக்குத் தங்கிய வருமானத்தைப் பார்த்தால் கதை தலைகீழ்: ஜியாங்சுவில் தலைக்கு 52,674 யுவான், ஜெஜியாங்கில் 63,830. அதிகம் உற்பத்தி செய்கிறவர் வீட்டுக்குக் குறைவாகக் கொண்டுபோகிறார். மாகாணங்களை மொத்த உற்பத்தியை வைத்து வரிசைப்படுத்துவதுதான் வழக்கம். அந்த வரிசையில் ஜியாங்சு, குவாங்டொங்குக்கு அடுத்து இரண்டாவது, ஜெஜியாங் நான்காவது. எனக்கு அந்த வரிசையில் அவ்வளவு ஆர்வம் இல்லை. பணம் எங்கே போய்ச் சேருகிறது என்பதுதான் கேள்வி. முதல் போட்டவர் யார் என்று தேடிப் போனால் விடை கிடைக்கிறது.

வண்டலும் மலையும்

ஜியாங்சு தட்டையான பூமி. மாகாணத்தின் மிக உயரமான சிகரமே சுமார் 624 மீட்டர்தான். யாங்சி ஆறு குறுக்கே ஓடுகிறது, பெருங்கால்வாய் வடக்குத் தெற்காக ஓடுகிறது. சாலை போடவும் ஆலை கட்டவும் இதைவிடத் தோதான நிலம் கிடைப்பது அரிது. குறை கடற்கரையில்தான். ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய சேற்றால் கரை நெடுகச் சதுப்புத் திட்டுகள். அதனால் கப்பல் போக்குவரத்தில் பெரும்பகுதி யாங்சிக்குள்ளேயே நடக்கிறது. நாஞ்சிங் வரை பெரிய கப்பல்கள் வருவதற்காக ஆற்றை 12.5 மீட்டர் ஆழத்துக்குத் தூர்வாரியிருக்கிறார்கள்.

ஜெஜியாங்காரர்கள் தங்கள் ஊரை 'ஏழு பங்கு மலை, ஒரு பங்கு நீர், இரண்டு பங்கு வயல்' என்பார்கள். உயர்ந்த சிகரம் 1,929 மீட்டர். உழுவதற்கு நிலம் போதாது. பிள்ளைகள் பெருகப் பெருக ஆளுக்கு ஒரு கையகலத் துண்டுதான் மிஞ்சும். ஆனால் கடல் கைகொடுத்தது. பாறைக் கரை, ஆழமான நீர், அலையைத் தடுக்கத் தீவுகள். நிங்போ-ஜோஷான் துறைமுகம் சரக்கின் எடைக் கணக்கில் உலகிலேயே முதலிடத்தில் இருக்கிறது. 2023இல் கையாண்டது 130 கோடி டன்னுக்கும் மேல்.

ஜியாங்சுவுக்குள்ளேயே ஒரு பிளவு உண்டு, அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. 1128இல் படையெடுப்பைத் தடுப்பதற்காக மஞ்சள் ஆற்றின் கரையை உடைத்தார்கள். ஆறு தெற்கே திரும்பி, பிறகு 1855 வரை ஜியாங்சுவின் வடபகுதி வழியாகவே கடலில் கலந்தது. எழுநூறு ஆண்டு வெள்ளமும் மணலும் அந்த மண்ணைக் கெடுத்தன. வடக்கிலிருந்து பிழைக்க ஷாங்காய்க்குப் போனவர்கள் ரிக்‌ஷா இழுத்தார்கள், முடி திருத்தினார்கள். 'வடக்கு ஜியாங்சுக்காரன்' என்பது அந்த நகரத்தில் நெடுங்காலம் வசைச்சொல்லாகவே இருந்தது. தெற்கில் சுஜோ, ஊசி, சாங்ஜோ ஆகிய நகரங்கள் செழித்தன. ஒரே மாகாணத்தின் சராசரியில் இரண்டு உலகங்கள் ஒளிந்திருக்கின்றன.

ஊர் போட்ட முதல்

ஜியாங்சுவின் தொழிலுக்குத் தொடக்கத்திலேயே ஓர் அதிகார வாசனை உண்டு. 1894இல் பேரரசின் அதிகாரிகள் தேர்வில் முதலாவதாக வந்த ஜாங் ஜியென், பெரிய பதவிகளைத் தேடிப் போகாமல் நாந்தோங்கில் பஞ்சாலை வைத்தார். 1899இல் ஆலை ஓடத் தொடங்கியது. கூடவே பள்ளிகள் கட்டினார், 1905இல் ஓர் அருங்காட்சியகமும் திறந்தார். ஊரையே ஒரு நிறுவனம்போல நடத்தினார் என்று சொல்லலாம்.

1970களில் தென் ஜியாங்சுவின் கம்யூன்கள், அதாவது கிராமக் கூட்டுப்பண்ணை அமைப்புகள், சிறு ஆலைகளைத் தொடங்கியபோது இந்தப் பாங்கு வேறு உருவில் வந்தது. நிலம் ஊருடையது, ஆலை ஊருடையது, லாபத்தை என்ன செய்வது என்று தீர்மானித்தவர் உள்ளூர்க் கட்சிச் செயலாளர். தொழில்நுட்பம் வந்த விதம் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. சனிக்கிழமை மாலை ஷாங்காயின் அரசு ஆலையில் வேலை முடித்த பொறியாளர், பஸ் பிடித்துக் கிராமத்துக்கு வருவார். ஞாயிறு முழுவதும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிவிட்டு மறுபடி நகரத்துக்குத் திரும்பிவிடுவார். 'ஞாயிறு பொறியாளர்' என்றே இவர்களுக்குப் பெயர் வந்தது. 1936இல் சுஜோவுக்கு அருகே ஒரு பட்டுக் கிராமத்தில் கள ஆய்வு செய்த சமூகவியலாளர் ஃபெய் சியாவ்தொங், 1980களில் இதற்கு 'தென் ஜியாங்சு மாதிரி' என்று பெயர் சூட்டினார்.

இந்த மாதிரியின் உச்சம் ஹுவாசி கிராமம். ஊ ரென்பாவ் என்ற கட்சிச் செயலாளர் பல பத்தாண்டுகள் ஆண்ட ஊர். ஆலை லாபத்தில் வீடு, கார், பங்குத்தொகை எல்லாம் கிடைக்கும். ஊரை விட்டுப் போனால் அத்தனையும் போகும். 2011இல் அங்கே 328 மீட்டர் உயரத்தில் ஒரு கோபுர விடுதி கட்டி, உள்ளே ஒரு டன் தங்கத்தில் எருது செய்து நிறுத்தினார்கள். பிறகு எஃகுத் தொழில் சரிந்தபோது கடன் கழுத்தை நெரித்தது.

1990களில் ஊர் ஆலைகள் தனியார் கைக்குப் போயின. அவை விட்ட இடத்தை வெளிநாட்டு முதல் பிடித்தது. சுஜோவுக்கு உட்பட்ட குன்ஷான் என்ற சிறிய வட்டம் 1985இல் மேலிடத்தின் அனுமதிக்குக் காத்திராமல் சொந்தச் செலவில் தொழிற்பேட்டை போட்டது. அரசு அதை முறைப்படி ஏற்றது 1992இல்தான். அங்கே தைவான் நிறுவனங்கள் மடிக்கணினித் தொழிலைக் கொண்டுவந்து குவித்தன. சுஜோவில் 1994இல் சிங்கப்பூர் அரசோடு சேர்ந்து 70 சதுர கிலோமீட்டரில் தொழிற்பூங்கா தொடங்கினார்கள். அதே சுஜோ நகராட்சி, ஊரின் மறுபுறம் தனக்கென ஒரு பேட்டையை வைத்துக்கொண்டு அதற்கே முதலீட்டாளர்களை இழுத்தது. லீ குவான் யூ வெளிப்படையாகவே மனக்கசப்பைக் காட்டினார். கடைசியில் 2001இல் சிங்கப்பூர் தரப்பு தன் பங்கை 65 சதவீதத்திலிருந்து 35ஆகக் குறைத்துக்கொண்டது. கூட்டாளியையே போட்டியாளனாக்கும் இந்தத் துணிச்சலைக் கண்டிப்பதா மெச்சுவதா என்று எனக்கு இன்னும் தெரியவில்லை.

ஜியாங்சுவில் ஊர்களே முதலாளிகள். அதனால் ஊருக்கு ஊர் போட்டி. 2025இல் பதின்மூன்று நகரங்களும் மோதிய கால்பந்துத் தொடரில் ஒரு வாசகம் நாடெங்கும் பரவியது: 'முதலில் போட்டி, நட்புக்குப் பதினான்காம் இடம்.' தலைநகர் நாஞ்சிங்கும், அதைவிடப் பெரிய பொருளாதாரமான சுஜோவும் மோதிய ஆட்டத்துக்கு அறுபதாயிரம் பேர் திரண்டார்கள்.

குடுகுடுப்பையும் பொத்தானும்

ஜெஜியாங்கில் இப்படி முதல் போட யாரும் இல்லை. தைவானுக்கு எதிரே இருக்கும் முன்னணிப் பகுதி என்பதால் 1949க்குப் பிறகு அரசு அங்கே பெரிய ஆலைகளை அதிகம் வைக்கவில்லை. மூன்று பக்கம் மலையும் ஒரு பக்கம் கடலுமான வென்ஜோவுக்கு ரயில் வந்ததே 1998இல்தான்.

இவூ ஊர்க்காரர்கள் விவசாயம் ஓய்ந்த காலத்தில் காவடித்தண்டில் இரண்டு கூடைகளைத் தொங்கவிட்டுக் கிளம்புவார்கள். கூடையின் மேல் ஒரு பாளம் வெல்ல மிட்டாய். தெருமுனையில் குடுகுடுப்பையை ஆட்டினால் பிள்ளைகள் கோழி இறகோடு ஓடிவரும். இரும்புத் துண்டால் தட்டி ஒரு சில்லு மிட்டாயைப் பெயர்த்துக் கொடுத்துவிட்டு இறகை வாங்கிக்கொள்வார்கள். நல்ல இறகு தூசி தட்டும் துடைப்பத்துக்கு, மற்றது வயலுக்கு உரம். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம் வாங்கித் தின்றவர்களுக்கு இந்த வியாபாரத்தை விளக்க வேண்டியதில்லை. பிறகு கூடையில் ஊசி, நூல், பொத்தான் ஏறின. 1982இல், இது குற்றமா இல்லையா என்று பெய்ஜிங் தெளிவாகச் சொல்வதற்கு முன்பே, உள்ளூர்க் கட்சிச் செயலாளர் ஷியே காவ்ஹுவா சந்தையைத் திறந்துவிட்டார். இன்று அந்தச் சந்தையில் சுமார் 75,000 கடைகள். 2014இல் அங்கிருந்து மாட்ரிட் வரை சரக்கு ரயிலே கிளம்பியது.

வென்ஜோவில் ஜாங் ஹுவாமெய் என்ற பத்தொன்பது வயதுப் பெண், வீட்டு வாசலில் மேசை போட்டுப் பொத்தான் விற்றுக்கொண்டிருந்தார். 1980 டிசம்பரில் அவருக்குக் கிடைத்த 10101 எண் கொண்ட உரிமம்தான் சீனாவின் முதல் தனிநபர் வணிக உரிமம். அதற்குப் பிறகு ஊருக்கு ஒரு பொருள் என்று பிரித்துக்கொண்டதுபோல வளர்ந்தது: தாதாங்கில் காலுறை, சியாவ்தோவில் பொத்தான், ஷெங்ஜோவில் கழுத்துப்பட்டை, யோங்காங்கில் வன்பொருள். ஒரு வீட்டில் நூல் ஏற்றுவார்கள், அடுத்த வீட்டில் சாயம், எதிர்வீட்டில் அட்டைப்பெட்டி. லாபம் ஒரே தெருவுக்குள் பங்கிடப்பட்டது. வருமானக் கணக்கில் ஜெஜியாங் முந்துவதன் வேர் இங்கே இருக்கிறது. குன்ஷானில் லாபத்தின் பெரும்பங்கு முதலாளி நிறுவனத்துக்குப் போகும், கூலி மட்டும் ஊரில் தங்கும். தாதாங்கில் முதலாளியே அடுத்த வீட்டுக்காரர். நகர-கிராம வருமான இடைவெளியும் ஜெஜியாங்கில் குறைவு: 2023இல் 1.86 மடங்கு, ஜியாங்சுவில் 2 மடங்குக்குச் சற்று மேல்.

இதற்காக ஜெஜியாங்கைத் தலையில் வைத்துக் கொண்டாட வேண்டாம். வென்ஜோச் செருப்பைக் காலையில் போட்டால் மாலையில் பிய்ந்துவிடும் என்பது ஒருகாலத்தில் நாடறிந்த கேலி. 1987 ஆகஸ்டில் மாகாணத் தலைநகர் ஹாங்ஜோவின் சதுக்கத்தில் ஐயாயிரம் ஜோடி வென்ஜோ காலணிகளைக் குவித்துத் தீ வைத்தார்கள். தெரிந்தவர்களுக்குள் கைமாறும் வட்டிப் பணமே அவர்களின் வங்கி. 2011இல் கடன் இறுகியபோது முதலாளிகள் இரவோடிரவாக ஊரை விட்டு ஓடினார்கள், பிரதமரே நேரில் வரவேண்டியிருந்தது. ஜியாங்சுவின் தவறுகள் வேறு ரகம், உயிரைக் குடிப்பவை. 2007இல் தாய்ஹு ஏரியில் பாசி படர்ந்து ஊசி நகரத்தில் இருபது லட்சம் பேருக்குக் குடிநீர் நின்றது. 2014இல் குன்ஷான் ஆலையில் உலோகத் தூசி வெடித்து 146 பேரும், 2019இல் சியாங்ஷுய் ரசாயன ஆலை வெடிப்பில் 78 பேரும் மாண்டார்கள்.

சிறு முதலோடு கடை போட நினைப்பவருக்கு ஜெஜியாங்; பொறியியல் படித்து, பெரிய இயந்திரங்களோடு மாதச் சம்பளத்தில் நிம்மதியாக வாழ நினைப்பவருக்கு ஜியாங்சு. என்னைக் கேட்டால் இப்படித்தான் பிரிப்பேன். சூரியத் தகடு, கப்பல், மருந்து, கட்டுமான இயந்திரம் போன்ற கனமான தொழில்களில் ஜியாங்சுவின் ஆழம் ஜெஜியாங்குக்கு எளிதில் கைவராது. உயர்கல்வியிலும் அப்படித்தான்: அரசின் தலைசிறந்த பல்கலைக்கழகப் பட்டியலில் ஜியாங்சுவுக்கு 16, ஜெஜியாங்குக்கு வெறும் 3.

அதனால்தான் 2025 தொடக்கத்தில் டீப்சீக் என்ற செயற்கை நுண்ணறிவு நிறுவனம் ஹாங்ஜோவிலிருந்து புறப்பட்டு வந்தபோது, இது ஏன் நாஞ்சிங்கில் நடக்கவில்லை என்று ஜியாங்சுவின் சொந்தப் பத்திரிகையே கேட்டது. டீப்சீக்கின் நிறுவனர் லியாங் வென்ஃபெங் பிறந்தது இரண்டு மாகாணங்களிலும் அல்ல, குவாங்டொங்கில். ஜெஜியாங் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்து ஹாங்ஜோவிலேயே தங்கிவிட்டவர். நிறுவனத்துக்குப் போட்ட முதல், அதே ஊரில் அவர் பங்குச்சந்தை நிதி நடத்திச் சம்பாதித்த பணம்.